'அர்ருயினார்' என்ற ஸ்பானிய வினையை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலை நம்பிய ஊர்கள் பல. இங்கிருந்து பதனிட்ட தோலும் காலணி மேற்பாகங்களும் முழுக் காலணிகளும் ஐரோப்பாவுக்குப் போகின்றன. வாங்கும் நாடுகளில் ஸ்பெயினும் ஒன்று. அந்நாட்டின் தென்கிழக்கே அலிகாந்தே மாகாணத்தில் உள்ள எல்ச்சேயும் எல்தாவும் நம் ஆம்பூரைப் போலவே காலணித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். விலை பேசுவதும் ஆர்டர் போடுவதும் ஆங்கிலத்தில் நடந்துவிடும். சரக்கில் குறை என்று வந்தால்தான் கடிதம் ஸ்பானியத்துக்குத் தாவும். கோபத்தை அயல்மொழியில் எழுதுவது யாருக்கும் எளிதில்லை. அப்போது அலுவலகத்தில் ஸ்பானியம் கொஞ்சம் படித்தவர் எவரோ, அவர் மேசைக்கு அந்தக் கடிதம் வந்து சேரும். முதலாளிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் விளங்கும்படி அவர் அதை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். அவரையும், கல்லூரியில் விருப்பப் பாடமாக ஸ்பானியம் எடுத்துவிட்டுத் திணறும் மாணவரையும் மனத்தில் வைத்து ஒரே ஒரு வினைச்சொல்லை இங்கே விளக்க முற்படுகிறேன்.

அந்த வினை 'அர்ருயினார்', அதாவது 'பாழாக்கு'. இறுதியில் நிற்கும் 'ஆர்' நம் மரியாதை விகுதி அன்று. ஸ்பானிய வினைகள் அகராதியில் 'ஆர்', 'எர்', 'இர்' என்று முடியும், அவற்றுள் முதல் வகையைச் சேர்ந்தது இது. 'ருயினா' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. அதுவோ 'இடிந்து விழு' என்று பொருள்படும் லத்தீன் வினையின் வழியில் வந்தது. ஆங்கிலத்தின் 'ரூயின்' பிரெஞ்சு வழியாக அதே லத்தீன் வீட்டிலிருந்து புறப்பட்டதுதான். நாமும் ஒருவனைக் கெடுத்துவிட்டதைச் சொல்ல 'குட்டிச்சுவராக்கிவிட்டான்' என்கிறோம். அங்கேயும் அடியில் கிடப்பது இடிந்த வீடுதான். ஆக, பாழானதைச் சொல்ல இடிந்த கட்டடத்தைத் தேடிப் போவது மூன்று மொழிகளிலும் உண்டு.

உறவு இவ்வளவு நெருக்கமாக இருப்பதாலேயே தொடக்கநிலையினர் வழுக்கி விழுகிறார்கள். 'அர்ருயினார்' என்று கண்டவுடன் 'ரூயின்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். அகராதியும் அதை ஆமோதிக்கும். பல இடங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சில இடங்களில் ஆங்கிலேயர் எவரும் எழுதாத வாக்கியம் வந்து நிற்கும். இன்னும் சில இடங்களில் வாக்கியம் அழகாகவே இருக்கும், பொருள் மட்டும் மாறியிருக்கும். இவற்றுள் இரண்டாவதே ஆபத்தானது, ஏனெனில் அது கண்ணில் படாது.

இந்த வினையை மொழிபெயர்க்கத் தொடங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, பாழானது எது என்பது. அதைக் கேட்கும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. நம் வீட்டு அடுப்படியில் பால் திரியும், சாம்பார் ஊசும், தக்காளி அழுகும், மாவு புளித்துப் போகும், ஊறுகாய் பூசணம் பிடிக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். எல்லாவற்றையும் 'கெட்டுப்பூட்ச்சு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட நம் ஊர்ப் பேச்சு இடம் கொடுத்தாலும், பால் ஊசிவிட்டது என்று சொன்னால் குடியாத்தத்தில் சிறுபிள்ளையும் சிரிக்கும். கெட்ட பொருள்தான் வினையைத் தேர்ந்தெடுக்கிறது. ஆங்கிலமும் இதே வழக்கம் உடையது: பால் 'கோஸ் சவர்' அல்லது 'கோஸ் ஆஃப்', வெண்ணெய் 'கோஸ் ரான்சிட்', ரொட்டி காய்ந்தால் 'ஸ்டேல்', பூசணம் பிடித்தால் 'மோல்டி', பழம் 'ராட்ஸ்'. ஸ்பானியரோ பொதுவாக 'எச்சார்செ ஆ பெர்தெர்' என்ற ஒரு தொடரை வைத்தே இவற்றில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடுவார்கள். பால் திரிவதற்கு 'கொர்த்தார்செ', அதாவது 'வெட்டுப்படுதல்', என்ற தனிச்சொல்லும் வைத்திருக்கிறார்கள். எனவே ஸ்பானிய வாக்கியத்தைப் படித்தவுடன் ஆங்கிலத்துக்கு ஓடாமல், இதையே வீட்டில் அம்மாவிடம் சொல்வதானால் எப்படிச் சொல்வேன் என்று ஒரு கணம் நின்று பார்ப்பது பயன் தரும். ஸ்பானியம் ஒன்றாக்கியதைத் தமிழ் பிரித்துக் காட்டிவிடும். அந்தப் பிரிவு ஆங்கிலத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் கூடுதலாக நின்று குழைந்த அரிசியை ஸ்பானியர் 'பசார்செ' என்ற வினையால், அதாவது 'எல்லை தாண்டிப் போய்விட்டது' என்ற கருத்தில், சொல்வார்கள். சீரக சம்பா அரிசியை ஒரு கொதி கூடுதலாக விட்டுவிட்ட ஆம்பூர் பிரியாணி மாஸ்டர் 'குழைஞ்சுபோச்சு' என்பார். ஆங்கிலத்தில் 'ஓவர்குக்ட்' என்றோ 'மஷ்ஷி' என்றோ எழுத வேண்டும்; 'ரூயின்ட்' என்று எழுதினால் அரிசிக்கு என்ன ஆயிற்று என்பதே தெரியாமல் போய்விடும். (ஸ்பெயினில் ஒருவரைப் பார்த்து 'உன் அரிசி குழைந்துவிட்டது' என்றால் கல்யாணம், குழந்தை ஆகியவற்றுக்கான வயது கடந்துவிட்டது என்று குத்திக்காட்டுவதாகும். சமையல் குறிப்பு என்று நினைத்து இதை மொழிபெயர்த்துவிடக் கூடாது.)

இனி 'அர்ருயினார்' ஏற்கும் செயப்படுபொருள்களைப் பார்ப்போம். உப்பு அள்ளிப் போட்டுக் குழம்பைப் பாழாக்கினால் ஆங்கிலத்தில் 'ரூயின்' தாராளமாகப் பொருந்தும். ஒருவருடைய மாலைப்பொழுது, சட்டை, கம்பளம், வாழ்க்கை, பெயர் ஆகியவற்றுக்கும் அதுவே போதும். உடம்பைக் கெடுத்துக்கொண்டார் என்னும்போதும், நற்பெயர் சின்னாபின்னமாயிற்று என்னும்போதும் 'ரெக்' என்ற சொல் சற்றுக் கூடுதல் வேகத்தோடு வந்து உட்காரும். பிறந்தநாள் ரகசியத்தை ஒருவர் முன்கூட்டியே உளறிவிட்டால் 'ஸ்பாயில்' போதுமானது. 'ரூயின்' என்றாலும் தவறில்லை, ஆனால் அது சற்றே பெரிய குற்றச்சாட்டு. ஆலங்கட்டி மழை பயிரை அழித்துவிட்டது என்றால் 'ரூயின்', 'டெஸ்ட்ராய்' ஆகிய இரண்டும் வரும். ஒரு கதிர்கூட மிஞ்சவில்லை என்று முன்பின் வாக்கியங்கள் சொன்னால் மட்டுமே 'வைப் அவுட்'. ஏலகிரிக்குப் போக நினைத்த பயணத்தை மழை கெடுத்துவிட்டது என்பதுபோன்ற இடத்தில் ஆங்கிலம் வினையையே விட்டுவிட்டு, அந்த நாள் 'எ வாஷ்அவுட்' என்று பெயர்ச்சொல்லுக்கு மாறிவிடும். விளையாட்டுப் போட்டி என்றால் பிரிட்டனில் 'ரெய்ன்ட் ஆஃப்', அமெரிக்காவில் 'ரெய்ன்ட் அவுட்'. மூலத்தில் வினை இருப்பதால் மொழிபெயர்ப்பிலும் வினையே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே காட்டிவிடும்.

இயந்திரங்களும் வண்டிகளும் தனிக்கதை. அங்கே ஸ்பெயினில் பெரும்பாலும் வருவது 'அர்ருயினார்' அன்று, அதன் பங்காளியான 'எஸ்த்ரோபெயார்'. தொடக்கநிலையினர் இரண்டையும் ஒன்றாகவே பாவித்து இரண்டுக்கும் 'ரூயின்' போடுவதைப் பார்க்கிறேன். 'எஸ்த்ரோபெயார்' சற்று இளகிய சொல். பழுது, சேதம், கெடுதல் என்ற எல்லைக்குள் அது நிற்கும், சரிசெய்ய வழி இருக்கலாம். 'அர்ருயினார்' கேட்டவுடன் இனி மீட்பில்லை என்ற எண்ணம் எழும். வண்டி 'எஸ்த்ரோபெயார்' ஆனால் ஆங்கிலத்தில் 'பிரோக் டவுன்'. பால் ஆனால் 'கான் ஆஃப்'. கைபேசி ஆனால் 'புரோக்கன்' அல்லது 'நாட் வொர்க்கிங்'. லிஃப்ட்டின் கதவில் 'அவெரியாதோ' என்று ஒட்டியிருந்தால் 'அவுட் ஆஃப் ஆர்டர்'. இந்த நான்கில் எந்த இடத்திலும் 'ரூயின்' வராது.

இங்கே நம் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வண்டி நின்றுபோனால் நாம் 'வண்டி ரிப்பேர்' என்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பழுதுபார்த்தலைக் குறிக்கிறது. நாமோ பழுதையே அதனால் குறிக்கிறோம். அதேபோல் ஃபோன், ரோடு, மிஷின், பெயர் என்று எதுவாக இருந்தாலும் 'ஸ்பாயில் ஆகிடுச்சு' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். தமிழ்ப் பேச்சுக்குள் இந்தச் சொற்கள் தமிழாகவே ஆகிவிட்டன, அவற்றை அங்கே குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் இவை நம் கையைப் பிடித்து இழுக்கும். ஆங்கிலத்தில் 'ஸ்பாயில்' ஆவது உணவும், குழந்தையும், கொண்டாட்டமும், காட்சியும், ரகசியமும். தையல் இயந்திரம் 'ஸ்பாயில்' ஆகாது. காலணி ஆலையிலுள்ள இயந்திரத்தைப் பற்றி 'தி மெஷின் இஸ் ரிப்பேர்' என்று எழுதிவிட்டால், படிக்கும் வெளிநாட்டவர் அது சரியாகிவிட்டது என்றே நினைத்துக்கொள்வார்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, கெட்டதா கெடுத்தார்களா என்பது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தது இங்கே கைகொடுக்கிறது. 'கெட்டது' தன்வினை, 'கெடுத்தது' பிறவினை. ஸ்பானியத்தில் 'எஸ்த்ரோபெயார்', 'அர்ருயினார்' ஆகியவை பிறவினை. அவற்றின் முன் (அகராதி வடிவில் இறுதியில் ஒட்டி) 'செ' என்ற சிறு சொல் வந்துவிட்டால் தன்வினையாகிவிடும். யார் கெடுத்தார்கள் என்ற பேச்சு அத்தோடு மறைந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த வசதி எல்லா வினைக்கும் கிடையாது. 'பிரேக்' இரண்டு பக்கமும் ஓடும்: கண்ணாடி உடைந்தது என்பதற்கும் நான் உடைத்தேன் என்பதற்கும் அதுவே. உணவைப் பொறுத்தவரை 'ஸ்பாயில்' என்பதும் அப்படியே. ஆனால் 'ரூயின்', 'டேமேஜ்' ஆகிய இரண்டும் இன்றைய ஆங்கிலத்தில் பிறவினையாக மட்டுமே நிற்கும். ஆகவே கம்பளம் பாழாயிற்று என்பதற்கு 'தி கார்ப்பெட் ரூயின்ட்' என்று எழுத முடியாது, 'வாஸ் ரூயின்ட்' என்று செயப்பாட்டுவினையாக மாற்ற வேண்டும். 'தி ஃபோன் டேமேஜ்டு' என்று நம் ஊரில் பலர் எழுதுவது இந்த இடத்தில் நேரும் பிழைதான்.

'செ' என்பதோடு 'மெ' என்ற இன்னொரு சொல்லும் சேர்ந்து வரும்போது புதியவர்கள் குழம்புவார்கள். 'செ மெ ஆ எஸ்த்ரோபெயாதோ லா மோத்தோ' என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு மோட்டார் சைக்கிள் பழுதாகிவிட்டது' என்று வரும். நாலாம் வேற்றுமையைப் பார்த்துத் தமிழர் மிரள வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் நான், ஆனால் செய்தவர் நான் அல்லேன் என்று சொல்லும் நயம் அது. ஆங்கிலத்தில் 'எனக்கு' என்பது 'மை' என்று மாறி வண்டியோடு ஒட்டிக்கொள்ளும்: 'மை பைக் ஹேஸ் பிரோக்கன் டவுன்'. பேச்சு நடை வேண்டுமானால் 'மை பைக் டைடு ஆன் மீ' என்றும் சொல்லலாம். அந்த 'ஆன் மீ' ஏறக்குறைய ஸ்பானிய 'மெ' சுமக்கும் புலம்பலையே சுமக்கிறது.

கூடவே காலத்தையும் கவனிக்க வேண்டும். இன்று காலையில் நடந்ததை ஸ்பெயின்காரர் 'ஆகியிருக்கிறது' என்ற வடிவிலேயே சொல்வார். காலை முடிந்து மதியம் அதை மொழிபெயர்க்கும் ஒருவர் 'ஹேஸ் பிரோக்கன் டவுன் திஸ் மார்னிங்' என்று எழுதினால் உறுத்தும்; 'பிரோக் டவுன் திஸ் மார்னிங்' என்று சாதாரண இறந்தகாலத்தில் எழுதிவிடுவது நல்லது. நேரத்தைக் குறிக்கும் சொல் இல்லாதபோது மட்டும் 'ஹேஸ்' நிற்கட்டும்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த வினை மிகவும் கூர்மையானது. 'அர்ருயினார்செ' என்று ஒரு வணிகரைப் பற்றி எழுதியிருந்தால் அவர் கைப்பணமெல்லாம் இழந்தார் என்று பொருள். 'ஹி வாஸ் ரூயின்ட்' என்பது இலக்கணப்படி சரி. ஆனால் 19-ஆம் நூற்றாண்டு நாவலின் வாடை அதில் அடிக்கும். 'ஹி இஸ் புரோக்' என்றால் மாதக்கடைசியில் பையில் காசில்லாதவரும் அதில் அடங்கிவிடுவார். உடனே பலரும் 'பேங்க்ரப்ட்' என்று எழுதுகிறார்கள். அங்கேதான் நிதானம் தேவை. நம் கடைவீதியிலேயே 'நொடித்துப்போனார்' என்பதற்கும் 'ஐ.பி. கொடுத்துவிட்டார்' என்பதற்கும் உள்ள வேறுபாடு எல்லாருக்கும் தெரியும். முன்னது நிலைமை, பின்னது நீதிமன்றம் வரை போன நடவடிக்கை, அதற்குப் பிறகு கடன் கொடுத்தவர்கள் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஸ்பானியத்திலும் சட்டப்படியான திவாலுக்கு 'கொன்குர்சோ தெ அக்ரெயெதோரெஸ்' என்றும், பழைய வழக்கிலும் பல லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் 'கியேப்ரா' என்றும் தனிச்சொற்கள் உண்டு. கடிதத்தில் அவை வராமல் 'அர்ருயினார்செ' மட்டும் வந்திருந்தால் ஆங்கிலத்தில் 'லாஸ்ட் எவ்ரிதிங்' என்று எழுதுவதே பொறுப்பான வழி. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் திவாலானதாக எழுத்தில் கொடுத்துவிட்டால், அதைப் படித்த முதலாளி அனுப்பத் தயாராக இருந்த சரக்கை நிறுத்திவிடக்கூடும். வங்கியிலும் கேள்வி கிளம்பும்.

இதே குடும்பத்தின் பெயர்ச்சொல்லாகிய 'ருயினா' சில தொடர்களில் வேடிக்கை காட்டும். ஒரு கட்டடம் 'அமெனாசா ருயினா' என்றால் சொல்லளவில் அது 'அழிவை மிரட்டுகிறது'. உண்மையில் எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளது என்று பொருள், ஆங்கிலத்தில் 'இன் டேஞ்சர் ஆஃப் கொலாப்ஸ்'. ஒரு தொழிலோ பழைய காரோ 'ஊனா ருயினா' என்றால் அது போட்ட பணத்தையெல்லாம் விழுங்குகிறது, 'எ மணி பிட்'. பன்மையில் 'ருயினாஸ்' என்றால்தான் இடிபாடுகள். ஆற்காட்டில் நவாபு காலக் கோட்டையில் டெல்லி கேட் தவிர்த்துச் சிதைந்து கிடப்பவற்றைச் சொல்ல இந்தப் பன்மையும் ஆங்கிலத்தின் 'ரூயின்ஸ்' என்ற பன்மையும் அப்படியே ஒத்துப்போகும்.

ஒத்துப்போகாதது ஒன்று உண்டு. ஸ்பானியத்தில் 'ருயின்' என்றே ஒரு பெயரடை இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஆங்கிலச் சொல் போலவே இருக்கும் இது கீழ்த்தரமான, அற்பமான, கஞ்சத்தனமான என்று பொருள்படும். ஒருவரை 'ஒம்ப்ரெ ருயின்' என்று எழுதியிருந்தால் அவர் பாழாய்ப்போனவர் அல்லர். அற்ப மனிதர், ஆங்கிலத்தில் 'எ மீன் மேன்' அல்லது இன்னும் கடுமையாக 'டெஸ்பிக்கபிள்'. அகராதியில் இரண்டு சொற்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கண் தவறிவிடும்.

எழுதியவர் எந்த நாட்டவர் என்பதும் கணக்கில் வரும். ஸ்பானியம் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கிறது. கார் நின்றுபோனதைச் சொல்ல அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ஸ்பெயினில் 'எஸ்த்ரோபெயார்', மெக்சிகோவில் 'தெஸ்கொம்போனெர்', பெருவில் 'மலோக்ரார்', கொலம்பியாவில் 'தஞ்ஞார்', அர்ஜென்டினாவில் 'ரொம்பெர்'. சிலியில் காருக்கும் பாலுக்கும் சேர்த்து 'எச்சார்செ ஆ பெர்தெர்'. ஆங்கிலத்தில் கார் எல்லா நாட்டிலும் 'பிரோக் டவுன்' தான். இவற்றுள் 'மலோக்ரார்' கவனிக்கத்தக்கது: பெருவுக்கு வெளியே அதன் எச்சவடிவமான 'மலோக்ராதோ' ஒரு கவிஞரின் பெயருக்கு முன் வந்தால், அற்பாயுளில் மறைந்தவர் என்று பொருள். கொலம்பியரின் 'தஞ்ஞார்' என்பதை 'டேமேஜ்' என்று போட்டுவிட்டால் வண்டியில் யாரோ மோதிவிட்டதுபோல் ஆகிவிடும். 'தெஸ்கொம்போனெர்' என்பதில் ஆங்கிலத்தின் 'டீகம்போஸ்' தெரிகிறதே என்று எழுதிவிட்டால் கார் மக்கிப் போய்விடும்.

சரக்கு அனுப்பும் அலுவலகங்களுக்கு மட்டும் ஒரு சொல்லைத் தனியாகச் சொல்லி வைக்கிறேன். கப்பல் நிறுவனத்தின் ஸ்பானியத் தாள்களில் 'அவெரியா க்ருவேசா' என்று இருக்கும். 'அவெரியா' என்றால் பழுது, 'க்ருவேசா' என்றால் தடித்த. ஆகவே 'பெரிய பழுது' என்று எழுதத் தோன்றும். அது கடல்வணிகச் சட்டத்தின் சொல், ஆங்கிலத்தில் 'ஜெனரல் ஆவரேஜ்'. புயலிலோ தீயிலோ கப்பலையும் மற்றச் சரக்குகளையும் காப்பதற்காக ஒரு பகுதிச் சரக்கைப் பலிகொடுத்தால், அந்த இழப்பைக் கப்பல் உரிமையாளரும் சரக்குக்காரர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற பழைய விதி அது. உங்கள் தோலுக்கு ஒரு கீறல்கூட விழாமல் இருந்தாலும் நீங்கள் பணம் கட்ட வேண்டிவரலாம். பழுது என்று எழுதி முதலாளியை நிம்மதியாகத் தூங்கவிட்டால் பிறகு விளக்கம் சொல்வது கடினம்.

இப்போது ஒரு குறைக்கடித வாக்கியத்தை முழுதாக எடுத்துப் பார்ப்போம். காலணியின் உள்பக்கம் தைக்கும் ஆட்டுத்தோல் கண்டெய்னரில் போயிருக்கிறது. வழியில் கண்டெய்னரின் உட்புறம் வியர்த்து நீர் சொட்டியிருக்கிறது. வாங்கியவர் எழுதுகிறார்: 'லா உமெதாத் ஆ எஸ்த்ரோபெயாதோ குவரெந்தா பியேலெஸ் இ ஆ அர்ருயினாதோ ஓத்ராஸ் தோசெ.' ஈரம் 40 தோல்களுக்கு ஒரு வினையையும் மேலும் 12 தோல்களுக்கு வேறொரு வினையையும் செய்திருக்கிறது. 'பியேல்' என்பது ஸ்பானியத்தில் மனிதத் தோல், பதனிட்ட தோல், மென்மயிர்த் தோல் என எல்லாவற்றுக்கும் வரும். ஆங்கிலத் தோல் வணிகத்தில் மாடு, எருமை போன்ற பெரிய விலங்குகளுடையது 'ஹைட்', ஆடு போன்ற சிறியவற்றினுடையது 'ஸ்கின்'. ஆகவே இங்கே 'ஸ்கின்ஸ்'. 'உமெதாத்' என்பதற்கு அகராதி 'ஹ்யூமிடிட்டி' என்று காட்டினாலும், தோலில் இறங்கிய ஈரத்துக்கு 'டேம்ப்' அல்லது 'மாய்ஸ்ச்சர்' சரியான சொல். அடுத்து, ஸ்பானியம் ஈரத்தை எழுவாயாக வைத்துத் தொடங்கினாலும், இழப்பீட்டுக் கடிதத்தைப் படிக்கும் ஆங்கிலக் கண் சரக்கை முதலில் தேடும் என்பதால் தோலை முன்னே கொண்டுவர வேண்டும். இவ்வளவும் செய்தால் 'ஃபார்ட்டி ஸ்கின்ஸ் வேர் டேமேஜ்டு பை டேம்ப், அண்ட் அனதர் ட்வெல்வ் வேர் ரூயின்ட்' என்று வரும். இரண்டு வினைக்கும் 'ரூயின்ட்' போட்டிருந்தால் 52 தோல்களும் தொலைந்தன என்று ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். இரண்டுக்கும் 'டேமேஜ்டு' போட்டிருந்தால் மீட்க முடியாத 12 தோல்களின் கணக்கு மறைந்து, வாங்கியவர் மறுபடியும் கோபத்தோடு எழுதியிருப்பார்.

அதே கடிதத்தில் 'செ எஸ்த்ரோபெயோ' என்று 'செ' சேர்த்து எழுதி, பயணத்தின்போது என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால், யார்மேலும் பழி சொல்லவில்லை என்பதைக் காப்பாற்ற வேண்டும். வணிக ஆங்கிலத்தில் அதற்கென்றே 'டேமேஜ்டு இன் டிரான்சிட்' என்ற தொடர் தயாராக இருக்கிறது. 'யூ டேமேஜ்டு' என்று எழுதி, அவர் சொல்லாத குற்றச்சாட்டை நாமே நம் முதலாளிமேல் சுமத்த வேண்டியதில்லை. மாறாக, அவர் வெளிப்படையாக 'உங்கள் பொதிகட்டல் கெடுத்துவிட்டது' என்று எழுதியிருந்தால் அதை மழுப்பவும் நமக்கு உரிமையில்லை.

எல்லாக் கடிதங்களும் இப்படி இரண்டு வினைகளைப் பிரித்துக் கொடுப்பதில்லை. வெறுமனே 'அர்ருயினாதாஸ்' என்று ஒரு சொல்லை மட்டும் போட்டுவிட்டு, எண்ணிக்கையும் இல்லாமல், கையெழுத்தோடு முடித்துவிடுபவர்கள் உண்டு. கோபத்தில் மிகைப்படுத்துவது எல்லா மொழிக்கும் பொது. அந்தத் தோல் துடைத்து மறுபடி ஃபினிஷிங் செய்து, தரம் இறக்கி விற்கக்கூடியதாகவே இருக்கலாம். அத்தகைய இடத்தில் மொழிபெயர்ப்பில் 'ரூயின்ட்' என்றே எழுதி, எழுதியவரின் சொல் இதுவே என்று தெரியும்படி மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டு, எத்தனை தோல், பூசணமா கறையா, மறுபடி பயன்படுத்த முடியுமா என்ற கேள்விகளோடு படம் கேட்டு ஒரு பதில் கடிதம் அனுப்பும்படி முதலாளியிடம் சொல்லுங்கள். பதில் வந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதும் தாளில் எந்த வினையைப் போடுவது என்பதை அந்தப் படங்களைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.